நனோ சில்வர் போட்ட பிறகு கப்பி மீன் எல்லாம் மேல வந்து வாய் பிளக்குது, யாழ்ப்பாணத்தில அண்ணாட தொட்டியில ஒண்டுமில்ல, ஏன்?

வெள்ளவத்தை_வாசி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. என்னட்ட 40 லீற்றர் தொட்டி ஒண்டு இருக்கு, கப்பிதான் கூட, அதோட ரெண்டு கொறிடோரா, அடியில திரியிற மீன். வாலெல்லாம் கிழிஞ்சு ஓரம் வெள்ளையா வரத் தொடங்க கடையில போய்க் கேட்டன், நனோ சில்வர் எண்டு, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துணிக்கை கலந்த மருந்தாம், ஒரு சின்னப் போத்தல் தந்தாங்கள், 20 பிபிஎம் எண்டு லேபல்ல கிடக்கு, 10 லீற்றர் தண்ணிக்கு 5 மில்லி, வருத்தம் மாறுமட்டும் தினமும் போடோணுமாம். சிரிஞ்சால அளந்து அப்பிடியே போட்டுக்கொண்டு வந்தன். வால் கிழியிறது நிண்டிட்டுது, அது உண்மை, ஆனா இப்ப மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, பூ (செவுள்) மூடி படபடவெண்டு அடிக்குது, சாப்பாடு போட்டா திரும்பியும் பாக்குதில்ல. ரெண்டு செத்தும் போச்சு, காலமை எழும்பிப் பாக்க அடியில கிடந்தது.

விசர் பிடிக்கிற விசயம் என்னெண்டா இதே கொம்பனிப் போத்தலைத்தான் கோண்டாவில்ல இருக்கிற என்ர அண்ணாவும் பாவிக்கிறார், அதே அளவு, அதே மாதிரி தினமும், அவற்ற கப்பி குட்டியும் போட்டுக்கொண்டு சந்தோசமாத் திரியுது. நான் சொன்னா நீ தொட்டியைக் கழுவிறேல்ல எண்டு எனக்குத்தான் ஏச்சு. வித்தியாசம் எண்டா தண்ணி மட்டும்தான், அவர் வீட்டுக் கிணத்துத் தண்ணி, நான் கொழும்புப் பைப் தண்ணியை வாளியில ஒரு நாள் நிக்க விட்டு ஊத்திறன், வேற ஒண்டும் கலக்கிறேல்ல.

நனோ எண்டா உள்ளுக்க ஈரல் கிட்னி எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளுமோ? மிஞ்சினது தப்புமோ? ஏன் ரெண்டு வீட்டில ரெண்டு மாதிரி? லேபல்ல "மனிதருக்கும் பாதுகாப்பானது" எண்டும் பெரிசாப் போட்டிருக்கு.

கப்பி_நானா:

மருந்த நிப்பாட்டுங்க தம்பி, இப்பவே. பாதித் தண்ணி மாத்துங்க, ஏர் பம்ப ஃபுல்லா விடுங்க, அதுக்குப் பொறகு மத்ததப் பேசலாம்.

சில்வர் பக்டீரியாவக் கொல்ற சாமான், அதுக்குத்தானே விக்கிறாங்க. வாலழுகல் பக்டீரியாவ மட்டும் தேடிப் புடிச்சிக் கொன்னுட்டு ஃபில்டர் ஸ்பொஞ்சுல ஈக்கிற நல்ல பக்டீரியாவ சும்மா விட்டுடுமா? அமோனியாவ நைத்திரைட்டா மாத்துற பக்டீரியா இருக்கே, அது சில்வருக்கு சரியான வீக், மொதல்ல சாகுறதே அதுதான். ஸ்பொஞ்சு செத்தா மீன் விடுற கழிவு அப்படியே அமோனியாவா நிக்கும், அமோனியா பூவச் சுடும், மீன் மேல வந்து வாய் பொளக்கும். நா தெஹிவளையில கப்பி ப்ரீட் பண்றவன், வாய் பொளந்தா நா மொதல்ல பாக்கிறது அமோனியா டெஸ்ட், மருந்து இல்ல. டெஸ்ட் கிட் இல்லாட்டி ஏதாவது மீன் கடைக்கு ஒரு போத்தல்ல தண்ணி கொண்டு போங்க, பாத்துத் தருவாங்க.

யாழ்ப்பாணத்துக் கதைக்குக் காரணம் சிம்பிள், அங்க கல்லுத்தண்ணி, இங்க மென்மையான தண்ணி. கல்லுத்தண்ணியில எந்த மருந்தும் கொஞ்சம் பவர் கொறையும்.

வெள்ளவத்தை_வாசி:

நன்றி நானா. பாதித் தண்ணி மாத்திட்டன். மாத்த முதலே எடுத்து வச்ச தண்ணியைப் பக்கத்துக் கடையில குடுத்துப் பாத்தன், அமோனியா 0.5, பிஎச் 7, வெப்பம் 28 எண்டு சொன்னாங்கள். இது கூடவா?

வெட்டுமுகம்:

0.5 நல்லதெண்டு சொல்லமாட்டன், ஆனா அதால ரெண்டு மீன் சாகிற அளவு இல்ல. பிஎச் 7, வெப்பம் 28 எண்டா அந்த 0.5இல நூற்றுக்கு ஒண்டுக்கும் குறைவான பங்குதான் நச்சான அமோனியா வடிவத்தில நிக்கும், மிச்சமெல்லாம் அமோனியம், அது பூவைப் பெரிசா ஒண்டும் செய்யாது. பிஎச் 8.5 எண்டிருந்தா நானா சொன்னதுதான் காரணம் எண்டு நானும் சொல்லியிருப்பன். ஸ்பொஞ்சு அடிபட்டிருக்கு எண்டது சரி, ஆனா மீனை அடிச்சது வெள்ளி எண்டுதான் நான் நினைக்கிறன்.

நான் கம்பஸ்ல விலங்கியல், மீன் இழையங்களை வெட்டி மைக்கிரஸ்கோப்பில பாக்கிறதுதான் வேலை, அதால பூவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதிறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மீன்ட பூ இழை ஒவ்வொண்டிலயும் ரெண்டு பக்கமும் மெல்லிய தட்டுகள் அடுக்கா நிக்கும், அந்தத் தட்டுக்குள்ள ஓடுற இரத்தத்துக்கும் வெளித்தண்ணிக்கும் இடையில சில மைக்கிரோமீற்றர்தான் சுவர். ஒட்சிசன் வாறதும் அதால, உப்பு வாறதும் அதால, கழிவு போறதும் அதால. நன்னீர் மீன்ட இரத்தத்தில சோடியம் லீற்றருக்கு 130, 150 மில்லிமூல் அளவில இருக்கும், வெளியில கொழும்புப் பைப் தண்ணியில 1 மில்லிமூல்கூட இல்ல, அதால இருபத்திநாலு மணித்தியாலமும் உப்பு வெளிய கசிஞ்சுகொண்டே இருக்கும், மீன் இருபத்திநாலு மணித்தியாலமும் அதைத் திருப்பி உள்ளுக்க பம்ப் பண்ணிக்கொண்டே இருக்கோணும். அந்தப் பம்ப்தான் சோடியம் பொட்டாசியம் ஏடிபியேஸ் எண்ட நொதியம். வெள்ளி அயன், அதாவது தண்ணியில கரைஞ்சு மின்னேற்றத்தோட நிக்கிற வெள்ளி, என்ன செய்யுமெண்டா சோடியம் ஏறுற வாசலாலயே டிக்கட் இல்லாம ஏறி உள்ளுக்க போய் அந்தப் பம்பையே பிடிச்சு நிப்பாட்டிப்போடும், காபோனிக் அன்ஐதரேஸ் எண்ட இன்னொரு நொதியத்தையும் கெடுக்கும். கசிவு நிக்காது, பம்ப் நிண்டிட்டுது, இரத்தத்தில சோடியமும் குளோரைட்டும் இறங்கிக்கொண்டே போகும், இரத்தத்தில இருக்கிற தண்ணி தசைக்குள்ள போகும், இரத்தம் தடிச்சுப் போகும், கடைசியா இதயத்தால தள்ள ஏலாமப் போகும். ட்ரவுட் மீனில வெள்ளி நைத்திரேற்று வச்சு இதைப் படிப்படியா அளந்து பாத்திருக்கினம், வெள்ளியால நன்னீர் மீன் சாகிறது மூச்சுத் திணறி எண்டதைவிட உப்பு இழந்து எண்டதுதான் சரியான விளக்கம்.

அப்ப வாய் பிளக்கிறது ஏன்? நனோத் துணிக்கை பூவில படிய மீன் சளியைக் கூடச் சுரந்து அதைக் கழுவப் பாக்கும். சளி கூடினா ஒட்சிசனுக்கு வழி நீளும். அதோட தட்டுகளுக்கு மேல இருக்கிற மெல்லிய தோல் வீங்கி மேல எழும்பும், கலங்கள் பெருகிப் பக்கத்துப் பக்கத்துத் தட்டு ரெண்டும் ஒட்டி ஒரே தட்டா வந்திடும், மோசமான இடங்களில தட்டு நுனியில இரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதி நிக்கும். மேற்பரப்பு பாதியாப் போனா மீன் மேல வராம வேற என்ன செய்யும்.

ஈரல் கேட்டீங்கள். போகும். இரத்தத்துக்குள்ள போன வெள்ளியும் செம்பும் கூடச் சேர்ற இடம் ஈரல்தான், அங்க மெற்றலோதயனீன் எண்ட புரதம் அதுகளைப் பிடிச்சுக் கட்டி வைக்கும், அது ஒரு பாதுகாப்பு. அந்தப் புரதம் சமாளிக்கிற அளவைத் தாண்டினா ஒட்சியேற்ற அழுத்தம் கூடி மென்சவ்வுக் கொழுப்பு பழுதாகும், வெட்டுத் துண்டில ஈரல் கலங்களுக்குள்ள வெறும் குமிழ் குமிழா இடைவெளி, கரு சுருங்கிக் கறுத்து, இடையிடையில செத்த திட்டுகள். சிறுநீரகத்தில குழாய்களின்ர உட்சுவர் பிரிஞ்சு வரும். குடல் பிந்தித்தான், நன்னீர் மீன் தண்ணி பெரிசாக் குடிக்கிறேல்ல, சாப்பாட்டோட போனாத்தான்.

மிஞ்சினது தப்புமோ எண்டா, பூத் தோல் கெதியாப் புதுப்பிக்கிற இழையம், மருந்து நிண்டு நல்ல தண்ணி கிடைச்சா சில கிழமையில திருந்தும். இப்ப மேல நிக்கிறதும் சாப்பிடாததும் வாற ரெண்டு மூண்டு நாளில மாறுதோ எண்டு பாருங்கோ. ஈரலுக்கு நேரம் எடுக்கும்.

பெரியமீன்:

அக்கா ஒரு கட்டுரையே எழுதிட்டாங்க. கடைப் பேரச் சொல்லுங்கப்பா, நாங்களும் அங்க போகாம இருப்பம்.

வெள்ளவத்தை_வாசி:

பேர் வேண்டாம் அண்ணை, கடைக்காரர் லேபல்ல இருந்ததைத்தான் சொன்னவர்.

மூலர்_கணக்கு:

அக்கா உயிரியல் சொல்லிட்டார், நான் இரசாயனத்தைச் சொல்லிறன், ஏலெவல் பிள்ளையள் இருந்தா இதைக் கணக்காவே செய்து பாக்கலாம்.

முதல்ல அளவு. 20 பிபிஎம் எண்டா லீற்றருக்கு 20 மில்லிகிராம். 40 லீற்றருக்கு 20 மில்லி போட்டா 0.4 மில்லிகிராம் வெள்ளி, அதாவது தொட்டியில லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் ஒரு தடவைக்கு. தினமும் போட்டா ஒரு கிழமையில போட்டது 70. கொஞ்சம் கண்ணாடியிலயும் கல்லிலயும் ஒட்டிப் போகும் எண்டாலும் போட்டது போட்டதுதான். இப்ப இதை வச்சுப் பாருங்கோ: வெள்ளி நைத்திரேற்றில ட்ரவுட் குஞ்சுகள் 96 மணித்தியாலத்தில பாதி சாகிற செறிவு லீற்றருக்கு 5 தொடக்கம் 70 மைக்கிரோகிராம், தண்ணியைப் பொறுத்து. அமெரிக்கச் சுற்றாடல் முகவர் நிலையம் நன்னீர் உயிர்களுக்கு வச்சிருக்கிற குறுங்கால எல்லை, வன்மை, அதாவது கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புச் சத்து, 100 உள்ள தண்ணிக்கு, 3.2 மைக்கிரோகிராம், மென்மையான தண்ணியில அது இன்னும் இறங்கும். அதே நாடு மனுசர் குடிக்கிற தண்ணிக்கு வச்சிருக்கிறது 100 மைக்கிரோகிராம். மனிதருக்குப் பாதுகாப்பானது எண்டு போத்தல்ல போட்டது பொய்யில்ல, ஆனா நாங்கள் பூவால மூச்சு விடுறேல்லயே, மீனுக்கு அந்த வசனத்தில ஒரு பிரயோசனமும் இல்ல.

அடுத்தது யாழ்ப்பாணம் கொழும்பு. கப்பி நானா கல்லுத்தண்ணி எண்டார், திசை சரி ஆனா காரணம் முழுக்கச் சரியில்ல. கல்சியம் வன்மை செம்புக்குப் பெரிய பாதுகாப்பு, செம்பு மருந்து போடுற ஆக்களுக்கு அது தெரியும், மென்மையான தண்ணியில அதே செம்பு அளவு மீனைக் கொண்டுபோடும். வெள்ளிக்கு வன்மை சின்ன உதவிதான், பெரிய ஆள் குளோரைட்டு. குடிநீருக்கான இலங்கைத் தரத்தில குளோரைட்டு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம், யாழ்ப்பாணத்தில அதுக்குக் கிட்டவும் மேலயும் நிக்கிற கிணறுகள் எத்தினையோ இருக்கு, சுண்ணக்கல்லுக்குள்ள கடல் தண்ணி ஏறுற இடம். எங்கட பைப் தண்ணி களனி கங்கையிலயும் லபுகம களட்டுவாவையிலயும் இருந்து வாற மழைத் தண்ணி, உப்பு இல்லாத தண்ணி.

அண்ணாட கிணத்தில குளோரைட்டு 300, உங்கட பைப்பில 10 எண்டு வச்சுக்கொண்டு சமநிலை மாறிலியைப் போட்டுப் பாத்தா, கரைஞ்சு நிக்கிற வெள்ளியில சுயாதீன அயனா, ஒண்டோடயும் சேராமத் தனியா, இருக்கிறது கொழும்பில நூற்றுக்கு 60 அளவு, கோண்டாவில்ல நூற்றுக்கு 5ஐயும் தாண்டாது. மிச்சமெல்லாம் குளோரைட்டோட கட்டுப்பட்டு நிக்கும், அது சோடியம் வாசலால ஏறாது. இன்னொண்டு, உப்பும் கல்சியமும் கூடின தண்ணியில நனோத் துணிக்கைகள் ஒண்டோடொண்டு ஒட்டிப் பெரிசாகி அடியில படிஞ்சிடும், அடியில படிஞ்சது பூவுக்கு வராது. அண்ணாட தொட்டியில மருந்து போட்ட உடனயே பாதி மருந்து மருந்தில்லாமப் போயிருக்கும். அவற்ற மீனுக்கு வாலழுகல் மாறினதும் மருந்தாலயோ தன்ர பாட்டிலயோ எண்டு நான் சந்தேகப்படுறன்.

இப்ப செய்யக்கூடியது: லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பு, அயடீன் போடாத உப்பு, கரைச்சு ரெண்டு மூண்டு தரமாப் பிரிச்சு விடுங்கோ. அதில குளோரைட்டு 600 மில்லிகிராம் வரும், வெள்ளியையும் கட்டும், மீன் இழக்கிற உப்புக்கும் ஈடு. கப்பிக்கு ஒண்டும் செய்யாது, கொறிடோராக்கு உப்பு அவ்வளவு ஒத்துவராது, அதுகளை வேற வாளிக்கு மாத்தினா நல்லம். அடுத்தது அன்ரிக்குளோரின், பைப் தண்ணியில குளோரினைப் போக்கிற மருந்து. கடையில விக்கிறதில கூடுதலா இருக்கிறது சோடியம் தயோசல்பேற்று, பழைய ஸ்டூடியோக்காரர் ஹைப்போ எண்டு சொல்லிறது, படச்சுருளில இருந்து வெள்ளியைக் கரைச்செடுக்கிற அதே சாமான். தயோசல்பேற்றோட சேர்ந்த வெள்ளி மீனுக்குச் சுயாதீன அயனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நச்சுக் குறைவு. நீங்கள் தண்ணியை வாளியில நிக்க விட்டு ஊத்தினபடியா அது தொட்டிக்குள்ள ஒரு துளியும் வந்திருக்காது, அன்ரிக்குளோரின் பாவிக்கிற ஆக்கள் இதே மருந்தைப் போட்டு ஒண்டும் நடக்கேல்ல எண்டு சொல்லிறதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்.

கப்பி_நானா:

ஓகே மாஸ்டர், குளோரைட்டு எனக்குப் புதுசு. ஆனா தம்பி உப்ப ஒரேயடியாக் கொட்டிராதீங்க, கொறிடோராவ மொதல்ல மாத்துங்க. ஸ்பொஞ்ச பைப் தண்ணியில கழுவ வாணாம், செத்தது போக மிச்சம் ஏதாவது ஈந்தா அதுவும் போயிரும். நம்ம பக்கம் வந்தா நா பழைய ஸ்பொஞ்சு ஒண்டு தாரேன், அத உங்க ஃபில்டருக்குப் பக்கத்துல போட்டா கெதியா பிடிச்சிரும்.

ரிசேர்ச்_பிள்ளை:

அக்கா, மாஸ்டர், நான் பைனல் இயர், நனோ ஜிங் ஒக்சைட் வச்சு கப்பியில ப்ராஜெக்ட் பண்ணப் போறேன், அதனால கேட்கிறேன். நீங்க ரெண்டு பேரும் சொல்றதப் பாத்தா எல்லாம் அயனோட வேலைதானே, அப்ப நனோன்னு தனியா ஒரு நச்சு இருக்கா இல்லையா? எங்க சூப்பர்வைசர் இருக்குன்னு சொல்றாங்க, நெட்ல பாத்தா ரெண்டு பக்கமும் எழுதியிருக்காங்க, தலை சுத்துது.

வெட்டுமுகம்:

நல்ல கேள்வி தங்கச்சி, ப்ராஜெக்டின்ர முதுகெலும்பே இதுதான்.

வெள்ளியில மொத்த வெள்ளி அளவை வச்சுப் பாத்தா நனோவைவிடக் கரைஞ்ச வெள்ளி உப்புத்தான் கெதியாக் கொல்லும், வரிக்குதிரை மீனில நனோவுக்கு மில்லிகிராம் கணக்கும் நைத்திரேற்றுக்கு மைக்கிரோகிராம் கணக்கும் வந்த ஆய்வுகள் இருக்கு. அதை வச்சு வாசியின்ர போத்தல் பாதுகாப்பு எண்டு எடுக்கக்கூடாது, ஏனெண்டா மின்பகுப்பால செய்து கொலொயிடல் எண்டு விக்கிற வெள்ளியில பெரும்பங்கு துணிக்கையே இல்ல, அயன்தான்.

ஆனா செம்புக் கதை வேற. 2007இல புளோரிடாவில 80 நனோமீற்றர் செம்புத் துணிக்கையை வரிக்குதிரை மீனுக்குக் குடுத்துப் பாத்தவை, 48 மணித்தியாலத்தில பாதி சாகிற செறிவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அந்தத் தண்ணியில கரைஞ்சிருந்த செம்பு எவ்வளவெண்டு அளந்து, அதே அளவு கரைஞ்ச செம்பை மட்டும் வேற மீனுக்குக் குடுத்தால் அந்தளவு பூச் சேதம் வரேல்ல. அப்ப துணிக்கைக்கும் பங்கு இருக்கு. அதே ஆண்டு இங்கிலாந்து பிளைமவுத்தில ரைற்றேனியம் டைஒக்சைட்டை ட்ரவுட்டுக்கு 14 நாள் குடுத்தவை, லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும். ரைற்றேனியம் டைஒக்சைட்டு கரையாத சாமான், அயனில பழி போட ஏலாது. மீன் சாகேல்ல, ஆனா பூத் தட்டுகள் வீங்கித் தடிச்சது, பூவிலயும் குடலிலயும் அந்த சோடியம் பம்பின்ர வேகம் குறைஞ்சது.

உங்கட நாகம் (ஜிங்) ஒட்சைட்டு நடுவில நிக்கும், நல்லாக் கரையும். கரைஞ்ச பங்கை அளக்காம நனோ ஜிங் இப்பிடிச் செய்தது எண்டு எழுதினா வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) முதல் கேள்வி அதுதான் வரும். நாக சல்பேற்றோ குளோரைட்டோ போட்ட ஒரு தொட்டி கட்டாயம் வையுங்கோ. துணிக்கையைக் கலைக்கப் பாவிக்கிற திரவம் ஏதாவது இருந்தா அது மட்டும் போட்ட தொட்டியும். இது சும்மா சொல்லேல்ல, 2004இல புலரீன் எண்ட காபன் நனோத் துணிக்கை மீன்ட மூளைக்குள்ள கொழுப்பை ஒட்சியேற்றுது எண்டு பெரிய பரபரப்பு வந்தது, பிறகு 2007இல வேற குழு அதைத் திருப்பிப் பாத்தா அந்தப் புலரீனைக் கலைக்கப் பாவிச்ச கரைப்பானில இருந்து வந்த சிதைவுப் பொருட்கள் நச்சு எண்டு தெரிஞ்சது. காபன் எண்டாலும் பாடம் உலோகத்துக்கும் அதேதான்.

இன்னொண்டு, இது வெட்டுத் துண்டு பாக்கிற ஆளா எனக்குக் கோபம் வாற இடம். பூத் தோல் மேல எழும்பியிருக்கு எண்டு படம் போடாத நனோக் கட்டுரை இல்ல. ஆனா செத்து ஒரு கொஞ்ச நேரத்தில தானாகவே அந்தத் தோல் எழும்பும், இழையத்தைப் பழுதாகாம வைக்கிற போர்மலினில போடப் பிந்தினாலும் எழும்பும். கட்டுப்பாட்டுத் தொட்டி, அதாவது துணிக்கை போடாத தொட்டி, மீன்ட பூவும் அதே மாதிரி இருந்தா அந்த முடிவுக்கு ஒரு பெறுமதியும் இல்ல. மீனை மயக்கி உடனயே பூவை வெட்டி 10 வீத நடுநிலைப் போர்மலினில போடுங்கோ, எந்தத் தொட்டி மீன் எண்டு தெரியாம வேற ஆளைக் கொண்டு ஸ்லைட்டுக்குப் புள்ளி போடுவியுங்கோ. நான் பாத்த ப்ராஜெக்ட்டுகளில பாதிக்கு இந்த ரெண்டும் இல்ல.

ரிசேர்ச்_பிள்ளை:

தேங்க்ஸ் அக்கா, சல்பேட் தொட்டி ப்ளான்லயே இல்ல, நாளைக்கே பேசுறேன். ஆய்வுகூடத்துக்கு வெளிய, ஏரி குளத்துல யாராவது பாத்திருக்காங்களா? ஒரு பீக்கர்ல நடக்கிறது ஒரு ஏரியில நடக்குமான்னு கட்டாயம் கேட்பாங்க.

வெட்டுமுகம்:

பாத்திருக்கினம். கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில ஆராய்ச்சிக்கெண்டே ஒதுக்கி வச்சிருக்கிற ஏரிகள் இருக்கு, அதில 222 எண்ட இலக்கமுள்ள ஏரிக்குள்ள 2014இலயும் 2015இலயும் கோடை காலத்தில நனோ வெள்ளியைத் தொடர்ந்து விட்டவை. ஏரித் தண்ணியில சேர்ந்தது லீற்றருக்குச் சில மைக்கிரோகிராம்தான், ஒரே நாளில செத்து மிதந்த கதை ஒண்டும் இல்ல. ஆனா மஞ்சள் பேர்ச் மீனிலயும் அதைச் சாப்பிடுற பைக் மீனிலயும் வெள்ளி சேர்ந்தது, ஈரல்லதான் ஆகக்கூட, தசையில குறைவு. பேர்ச்சின்ர தொகையும் குறைஞ்சது. ஆய்வுகூடத்தில 96 மணித்தியாலம் பாத்துச் சாகேல்ல எண்டு எழுதிறதுக்கும் ரெண்டு கோடை பாக்கிறதுக்கும் வித்தியாசம் அதுதான்.

பெரியமீன்:

சரி நான் சாப்பாட்டுக்காரன், எனக்கு கப்பி வேணாம். பேலியகொடை மீன் சந்தையில வாங்குற மீன்லயும் இந்த நனோ இருக்கா? 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்ப எங்க வீட்ல ரொம்ப நாள் மீனே வாங்கல, இப்ப இதைப் படிச்சிட்டு மனுசி திரும்ப ஆரம்பிச்சிட்டா. பேர வாவியில தூண்டில் போட்டு திலாப்பியா புடிக்கிறவங்களும் இருக்காங்க.

மூலர்_கணக்கு:

கப்பலில வந்தது பிளாஸ்ரிக் மணியும் நைத்திரிக் அமிலமும் வேற இரசாயனமும், அதை இதோட குழப்ப வேண்டாம். கடல் தண்ணியில குளோரைட்டு லீற்றருக்கு 19 கிராம், மேல சொன்ன கணக்கின்படி அங்க வெள்ளி சுயாதீன அயனா நிக்கிறது கிட்டத்தட்டப் பூச்சியம். சலவைத் தண்ணியோட சாக்கடைக்குப் போற வெள்ளியும் காணில சல்பைட்டோட சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டா மாறும், அது அசையாத சாமான். சாப்பிடுற மீனில உலோகம் எண்டு பயப்பிட்டா பெரிய தளப்பத்திலயும் சுறாவிலயும் பாதரசத்தைப் பற்றி யோசிக்கிறது நியாயம், நனோ வெள்ளி அந்த வரிசையில கடைசி.

வெட்டுமுகம்:

அதோட வெள்ளி, செம்பு மாதிரி உலோகம் கூடச் சேர்றது ஈரல், சிறுநீரகம், பூ. நாங்கள் சாப்பிடுறது தசை. பூவையும் குடலையும் எறிஞ்சு கழுவித்தானே சமைக்கிறம். பேர வாவித் திலாப்பியாவை வேண்டாம் எண்டு சொல்ல நனோ தேவையில்ல, அதுக்குள்ள விழுற கழிவுநீரே காணும்.

பெரியமீன்:

அப்ப மீன் தலைக்கறி?

வெட்டுமுகம்:

பூவை எடுத்திட்டு வையுங்கோ.

வெள்ளவத்தை_வாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கொறிடோரா ரெண்டையும் வாளிக்கு மாத்தி, உப்பு மூண்டு தரமா விட்டு, தண்ணி திரும்பவும் மாத்தி அன்ரிக்குளோரினும் போட்டிருக்கிறன். இன்னும் ஒண்டு செத்தது, ஆனா மற்றதுகள் நடுத் தண்ணிக்கு இறங்கிட்டுதுகள், நேற்றுப் பின்னேரம் ரெண்டு மூண்டு சாப்பாட்டுக்கு வந்தது. அண்ணாக்கு இந்தத் திரியை அனுப்பினன், கிணத்துத் தண்ணியைப் பற்றிப் பெருமையா ரெண்டு வொய்ஸ் மெசேஜ் வந்திருக்கு, உப்புக் கிணறெண்டு அம்மா பேசின காலம் எல்லாம் மறந்திட்டார்.

ரெண்டு கேள்வி மட்டும். செத்ததை பிரிட்ஜில ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறன், அதை வச்சு வெள்ளியாலதான் எண்டு பாக்க ஏலுமோ? மற்றது ஃபில்டருக்குள்ள அக்டிவேட்டட் காபன் போடச்சொல்லி ஒருத்தர் சொன்னார், போடுறதோ?

வெட்டுமுகம்:

உறைஞ்ச மீன் இழையம் பாக்கச் சரிவராது, ஐஸ் பளிங்கு கலத்தையெல்லாம் உடைச்சிருக்கும், அதோட காலமை கண்டதெண்டா இரவே செத்திருக்கும், பூ ஏற்கனவே அழிஞ்சிருக்கும். உலோகம் அளக்கிறதுக்கு உறைஞ்சது பிரச்சினையில்ல, ஈரலையும் பூவையும் அமிலத்தில கரைச்சு அளக்கலாம், ஆனா கப்பியின்ர ஈரல் எவ்வளவு பெரிசு எண்டு பாருங்கோ, நாலைஞ்சு மீனைச் சேர்த்தாத்தான் ஒரு மாதிரி வரும், காசும் கூட. நான் எண்டா செய்யமாட்டன். வேற மீன் சாகிற நிலைக்கு வந்தா சாகமுதல் சொல்லுங்கோ, போர்மலின் நான் தாறன்.

மூலர்_கணக்கு:

காபன் போடுங்கோ, கொஞ்சத்தைப் பிடிக்கும், ஆனா தண்ணி மாத்திறதுக்குப் பதிலா இல்ல. ரெண்டு கிழமையில எடுத்து எறியுங்கோ, கழுவித் திருப்பிப் போடுறேல்ல.

கப்பி_நானா:

ஸ்பொஞ்சு ரெடி தம்பி, ஞாயித்துக்கெழம வாங்க. வாளி ஒண்டு கொண்டாங்க, காஞ்சா வேலைக்காவாது.